போரையும் படுகொலையையும் சித்திரக்கதையாக வரையலாமா? ஜோ சாக்கோவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

சித்திரக்கதை சின்னப் பிள்ளைகளுக்கானதுதானே, அதில் போரையும் படுகொலையையும் வரைந்தால் நடந்ததன் பாரம் குறைந்துவிடாதா, ஜோ சாக்கோ என்று அடிக்கடி பேர் அடிபடுகிறதே, அவர் யார், எதை முதலில் வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரம் குறையாது. ஒழுங்காகச் செய்தால் கூடத்தான் செய்யும். ஆனால் அதற்கு வரைகிறவர் படவேண்டிய பாடு பெரிது. நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பது தொழில். சாக்கோவின் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அவர் எந்த வழியில் வந்தவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரிய கொமிக்ஸ் கம்பனிகளில் கதை எழுத ஒருவர், பென்சிலால் வரைய ஒருவர், மை போட ஒருவர், வர்ணம் தீட்ட ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். பாத்திரம் கம்பனிக்குச் சொந்தம். 1960களின் கடைசியில் ரொபர்ட் கிரம்ப் போன்றவர்கள் இதை உதறிவிட்டு, தாங்களே எழுதி, தாங்களே வரைந்து, கறுப்பு வெள்ளையில் மலிவாக அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். சொந்த வாழ்க்கை, அரசியல், வெட்கப்படவேண்டிய விஷயங்கள் எல்லாம் கட்டங்களுக்குள் வந்தன. 1980களில் அதன் வாரிசாக வந்ததைத்தான் மாற்று கொமிக்ஸ் என்கிறோம். ஃபேன்டாகிராஃபிக்ஸ் என்ற பதிப்பகம் அதன் பெரிய தூண். யூதப் படுகொலையைப் பற்றி ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்' 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றபோது, சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற பேச்சு அங்கே அநேகமாக முடிந்துவிட்டது. முத்து கொமிக்ஸும் லயன் கொமிக்ஸும் வாசித்து வளர்ந்த நமக்குத்தான் அந்தச் செய்தி மெதுவாக வந்து சேர்ந்தது.

சாக்கோ 1960இல் மோல்ட்டாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது, 1972இல் அங்கிருந்து அமெரிக்காவுக்கு. 1981இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் எடுத்தார். மனதுக்குப் பிடித்த பத்திரிகை வேலை கிடைக்கவில்லை. கொஞ்சக் காலம் மோல்ட்டாவுக்குத் திரும்பி அந்த நாட்டு மொழியில் காதல் சித்திரக்கதை வரைந்தார். அப்புறம் ஃபேன்டாகிராஃபிக்ஸின் சஞ்சிகையில் வேலை, பேர்லினில் ரொக் இசைக்குழுக்களுக்குச் சுவரொட்டி வரைந்து பிழைப்பு. 1988 முதல் 1992 வரை 'யாஹூ' என்ற பெயரில் சொந்தமாக ஒரு கொமிக்ஸ் இதழ், ஆறு இலக்கங்கள். இரண்டாம் உலகப் போரில் மோல்ட்டா மீது குண்டு பொழிந்த காலத்தில் அவருடைய அம்மா சிறுமி. அம்மா சொன்னதைக் கேட்டு அந்த இதழில் ஒரு கதை வரைந்தார். ஒருவரை உட்கார்த்தி, சொல்லக் கேட்டு, சொன்னதை வரைவது என்ற அவருடைய பிற்கால வேலை முழுக்க அங்கேதான் முளைத்தது என்று நான் நினைக்கிறேன்.

1991இன் கடைசியிலும் 1992இன் தொடக்கத்திலும் இரண்டு மாதமளவு மேற்குக் கரையிலும் காஸாவிலும் சுற்றினார். அதிலிருந்து வந்தது 'பாலஸ்தீன்'. 1993 முதல் 1995 வரை ஒன்பது இலக்கங்களாக வந்தபோது பெரிதாக விற்கவில்லை. 1996இல் அமெரிக்கன் புக் அவார்ட் கிடைத்தது, 2001இல் பாலஸ்தீன அறிஞர் எட்வேர்ட் சயீத்தின் முன்னுரையோடு ஒரே தொகுப்பாக வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது.

அதில் ஒரு பகுதியை என் மாணவர்களுக்குக் கட்டாயம் காட்டுவேன். ஒரு பாலஸ்தீனத் தகப்பனை இஸ்ரேலியர்கள் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து, தலையில் சாக்கை மாட்டி, நித்திரை கொள்ளவிடாமல் விசாரிக்கிறார்கள். பக்கம் திருப்பத் திருப்பக் கட்டங்கள் சிறுக்கின்றன, எண்ணிக்கை கூடுகிறது. கடைசியில் தபால் முத்திரை அளவுக் கட்டங்களுக்குள் அந்த மனிதர் நெருக்குப்படுகிறார். விடுதலையாகித் தெருவுக்கு வரும்போதுதான் கட்டம் பெரிதாகிறது. நமக்கும் அப்போதுதான் மூச்சு வருகிறது. எழுத்தாலோ புகைப்படத்தாலோ இதை இந்த விதமாகச் செய்ய முடியாது. பாரம் குறையுமா என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் சாட்சி அந்தப் பக்கங்கள்தான்.

பொஸ்னியப் போர் முடிகிற நேரத்தில், 1995 கடைசியிலும் 1996 தொடக்கத்திலும், கொரஸ்டே என்ற முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குப் போய்வந்து வரைந்தது 'சேஃப் ஏரியா கொரஸ்டே' (2000). ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடம் அது. பாதுகாப்பு வலயம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று நான் விளக்கத் தேவையில்லை. போர்க்கால நினைவுகள் வரும் பக்கங்களில் கட்டங்களைச் சுற்றியிருக்கும் வெளியைக் கறுப்பாக விட்டிருப்பார்; புத்தகத்தை மூடி ஓரத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கங்கள் என்று தெரியும். அதே புத்தகத்தில் அங்குள்ள இளம் பெண்கள் அவரிடம் லீவைஸ் ஜீன்ஸ் வாங்கிவரச் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களை அழுதுகொண்டே இருக்கிறவர்களாக மட்டும் காட்டாதது அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய வேலை 2009இல் வந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா'தான். 1956 நவம்பரில் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் இஸ்ரேலியப் படையினரால் ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஐ.நா. அறிக்கையில் கான் யூனிஸில் 275, ரஃபாவில் 111 என்று இருக்கிறது. அதற்குமேல் உலகம் அதைப் பேசவில்லை. 2001இல் ஒரு சஞ்சிகைக்காக இன்னொரு செய்தியாளரோடு காஸா போனபோது, எழுதிக்கொடுத்த கட்டுரையிலிருந்து கான் யூனிஸ் பகுதி வெட்டப்பட்டது. அந்த வெட்டுதான் அவரைத் திரும்பப் போகவைத்தது. 2002, 2003இல் போய் அங்குள்ள முதியவர்களைத் தேடித்தேடிக் கேட்டார். வரைந்து முடிக்கப் பல வருடங்கள் பிடித்தன.

அவர் கேட்கிற விதம்தான் முக்கியம். என்ன நடந்தது என்பதோடு நிறுத்த மாட்டார். சுவர் எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், என்ன உடுப்பு, காலில் செருப்பு இருந்ததா, எத்தனை பேர் வரிசையில், வீதியில் தார் இருந்ததா மணலா என்று கேட்பார். எழுதுகிறவர் "ஒரு வீதியில் ஆண்களை நிறுத்தினார்கள்" என்று ஒரு வரியில் போய்விடலாம். வரைகிறவரால் முடியாது. அந்த வீதியைப் போட்டே ஆகவேண்டும். ஐம்பதுகளின் அகதிமுகாம் வீடுகள் எப்படி இருந்தன என்று ஐ.நா. நிறுவனத்தின் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து, அதற்குப் பிறகே கோடு இழுத்திருக்கிறார்.

சாட்சிகள் முரண்படும் இடத்திலும் அவர் ஒளிப்பதில்லை. சகோதரர்கள் கொல்லப்பட்டபோது தானும் அங்கே இருந்ததாக ஒருவர் சொல்கிறார். இல்லை, அவர் அங்கே இருக்கவில்லை என்று வேறு ஆட்கள் சொல்கிறார்கள். இரண்டையும் வரைந்து வைத்துவிட்டு, நினைவு இப்படியும் செய்யும் என்று வாசகரிடமே சொல்லிவிடுகிறார். அந்தச் சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் முரண் இல்லை. இவ்வளவு நேர்மை பக்கம் பக்கமாக எழுதும் வரலாற்றாசிரியர்கள் பலரிடமும் இல்லை என்பது என் எண்ணம். ரஃபாவில் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீடுகள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. இப்போது நடப்பதை விட்டுவிட்டு ஐம்பத்தாறைப் பற்றி ஏன் கேட்கிறாய் என்று அங்குள்ள இளைஞர்கள் அவரைக் கேட்கிறார்கள். அதையும் வரைந்திருக்கிறார்.

இதை எங்கள் ஊரோடு வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. 1990 ஆகஸ்ட், செப்டெம்பரில் மட்டக்களப்பில் நடந்தவற்றுக்குப் புகைப்படங்கள் மிகக் குறைவு. கமரா வைத்திருந்தவரும் வெளியில் எடுக்கப் பயந்த காலம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சமிருந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கை இருக்கிறது, நினைவுநாள் இருக்கிறது. அந்த மண்டபமும் அந்த இரவும் எப்படி இருந்தன என்று காட்டக்கூடியது உயிரோடிருப்பவர்களின் நினைவு மட்டும்தான்.

என் பெரியம்மா வந்தாறுமூலையில் இருந்தவர். என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்கிற அதே நாலு வசனத்தைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். ஒருநாள் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கே படுத்தீர்கள், கீழே என்ன விரித்தீர்கள், தண்ணிக்கு வரிசை எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல வரைந்தேன். "வாசல் இந்தப் பக்கம் இல்ல மகன்" என்று கையைப் பிடித்துத் திருத்தினார். மறுகா தானாகவே பேசினார். பக்கத்தில் படுத்திருந்த ஒரு தாய், வயதைக் குறைத்துக் காட்டுவதற்காகத் தன் மகனுக்குக் கட்டைக் களிசான் போட்டு வைத்திருந்ததை அன்றுதான் முதல்முதல் சொன்னார். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் களிசான் வந்திருக்காது.

சாக்கோவைப் படித்தவர் இதோடு நிற்கவும் முடியாது. அவருடைய 'த ஃபிக்ஸர்' (2003) பொஸ்னியத் தலைநகர் சரயேவோவைப் பாதுகாத்தவர்கள் பக்கத்திலிருந்தே நடந்த குற்றங்களைப் பேசுகிறது. பாதிக்கப்பட்டவர்களோடு நிற்கிறவர், அவர்களுடைய பக்கத்து ஆயுததாரிகளுக்கு வெள்ளையடிக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கல்லடியிலிருந்து அது கூப்பிடு தூரம். பிறகு ஏறாவூரிலும் அதே கதி. என் பெரியம்மாவின் இரவை வரைகிற கை அந்த இரவுகளையும் வரைய வேண்டும். அங்குள்ள உம்மாமாரிடமும் போயிருந்து, கதவு எந்தப் பக்கம் என்று அதே பொறுமையோடு கேட்க வேண்டும். நமக்கு நடந்ததை மட்டும் வரைகிற சித்திரக்கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஈழத்தைப் பற்றி இந்த வழியில் வந்த ஒன்றைக் கேட்டால், பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' (2019) இருக்கிறது. டிக்ஸ் 2008 வரை வன்னியில் ஐ.நா. பணியில் இருந்தவர். பலருடைய சாட்சியங்களைச் சேர்த்து ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையாக்கியிருக்கிறார்கள். மனதை உலுக்கும் புத்தகம்தான். ஆனாலும் ஒவ்வொரு முதியவரின் முகத்தையும் தனித்தனியாகப் போட்டு, இன்னார் இப்படிச் சொன்னார் என்று நிறுத்தும் சாக்கோவின் வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சாக்கோ எல்லாக் கதையிலும் தன்னையும் வரைவார், கண்ணாடிக்குப் பின்னால் கண்ணே இல்லாமல். சிலருக்கு அது எரிச்சல். கேட்கிறவரும் கதைக்குள் ஒரு ஆள்தான், எங்கிருந்தோ பார்க்கிற கடவுள் இல்லை என்று காட்டுவதற்கு அது தேவை என்றே நான் சொல்வேன். ஆரம்பகாலப் படங்களில் முகங்களைக் கோரமாக்கியிருப்பார். அந்தக் குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். 'பாலஸ்தீன்' வரைந்துகொண்டு போகும்போதே அது குறைந்துவிடுகிறது.

சரி, எதை முதலில்? 'பாலஸ்தீன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு நான் 'கொரஸ்டே'யைச் சொல்வேன். ஒரு சிறிய ஊர், அயலவர் அயலவரைத் தாக்கிய கதை, சட்டென்று பிடிபடும். அடுத்தது 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா', அவசரப்படாமல். 'பாலஸ்தீன்' அதற்குப் பிறகு. கனடாவின் வடமேற்கில் வாழும் டெனே பழங்குடிகளின் நிலம் பற்றிய 'பேயிங் த லாண்ட்' (2020) கடைசியாக இருக்கட்டும். ஆங்கிலம் கஷ்டம் என்றால் 'த கிரேட் வோர்' (2013) எடுங்கள். 1916 ஜூலை 1, முதலாம் உலகப் போரின் சோம் சண்டையின் முதல் நாளை 24 அடி நீளத்துக்கு மடித்து மடித்து ஒரே படமாக வரைந்தது, படத்தில் ஒரு வசனமும் கிடையாது. வகுப்பில் நிலத்தில் விரித்து வைத்தால் பிள்ளைகள் முழங்காலில் நின்று ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்ப்பார்கள்.

எல்லாம் இறக்குமதிப் புத்தகங்கள், விலை கூட. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக் கைமாற்றி வாசிப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள். 'கொரஸ்டே' இப்போது என்னிடம் இருக்கிறது, அடுத்த முறையை உங்களுக்குத் தரலாம்.