வளவு வீடும் மருமகளின் முகமும்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் மகன் அங்கே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். மனைவி மக்களோடு நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த எங்கள் செட்டிநாட்டு வளவு வீட்டுக்கு வந்துவிட்டால் இரண்டே நாளில் சாதுவாகிவிடுகிறான். வீடு மனிதரின் குணத்தை மாற்றுமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: குணத்தை மாற்றாது, நடத்தையை மாற்றும். முதலில் உங்கள் மகன் விடுமுறையில் வருகிறார் என்பதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அலுவலகம் இல்லை, சாலை நெரிசல் இல்லை, காலையில் ஆச்சி கையால் வெள்ளைப் பணியாரம் வேறு. அந்தச் சாதுத்தனத்தில் பெரும்பங்கை விடுமுறையின் பேரில்தான் எழுத வேண்டும்.

மிச்சம் வீட்டுக்கு உரியது. பருத்த சுவரும் உயர்ந்த கூரையும் வெயிலைத் தடுக்க, சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விட, நடுப்பகலிலும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை காலுக்குக் குளுமையாக இருக்கிறது. (சுவர்ப்பூச்சில் சேர்த்த முட்டை வெள்ளைக்கருவுக்கே இந்தப் பெருமையையும் கொடுப்பவர்கள் உண்டு, அது வழவழப்புக்காகச் சேர்த்தது.) இதைவிட முக்கியமானது, அறையிலிருந்து பின்கட்டுக்குப் போக வேண்டுமானால் வளவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பவரை, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேராவது “ஏன், மொகம் வாடிப்போயிருக்கு?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். கோபத்தை வளர்ப்பதற்கு வேண்டிய தனிமை அங்கே கிடைப்பதில்லை.

1950களில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஒரு மருத்துவமனையின் முதிய பெண்கள் பிரிவில் உளவியலாளர் ராபர்ட் சோமர் இதே விஷயத்தைக் கவனித்தார். புதிய நாற்காலிகள் வாங்கி, சுவருக்கு வண்ணம் பூசியும் அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்ததுதான் காரணம். சிறு மேசைகளைச் சுற்றி அவற்றைப் போட்டதும், தொடக்கத்தில் நாற்காலிகள் பழையபடி சுவரோரம் திரும்பினாலும், சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆகவே சென்னை வீட்டில் சோபாக்கள் எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தே கிடந்தால், இரண்டையாவது எதிரெதிராகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வளவைக் கொண்டுபோக முடியாது, இதைச் செய்யலாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மருமகள் ‘மனைவி மக்களோடு’ என்ற சொல்லோடு நின்றுவிட்டார். அவரும் இரண்டே நாளில் சாதுவாகிவிடுகிறாரா? முற்றத்துக் காற்றில் மகன் செய்தித்தாள் புரட்டும் நேரத்தில், பதினைந்து பேர் பந்திக்காக மூன்றாங்கட்டு அடுப்பங்கரையில் வேர்த்து நிற்பவருக்கு, அதே வீடு வேறு வீடாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் கல்யாணமானவர்களை ஒரே கூரையின் கீழ் தனித்தனியே சமைத்துக்கொள்ளும்படி ‘வேறு வைத்த’ முன்னோர்கள், ஒருவர் மனநிலைக்கு வளவின் அழகு மட்டும் போதாது, தனக்கென்று ஓர் அடுப்பும் வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது, மகனைச் சமையற்கட்டிலும் மருமகளை முன்பக்கக் கூடமான பட்டாலையிலும் இரண்டு நாள் இருக்கச் செய்துவிட்டு, யார் எப்படி இருந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.