பழைய டீசல் பிக்கப்: முதல் செலவு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா வாங்கிய டாடா 207 டி.ஐ. பிக்கப் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. கொப்பரை மூட்டைகளை உலர்களத்திலிருந்து காங்கேயத்துக்கு ஏற்றிச் செல்வதும், உர மூட்டை கொண்டு வருவதும்தான் அதன் வேலை. விற்க மனமில்லை. மாதாமாதம் கையில் மிஞ்சும் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்ய நினைக்கிறேன். டிங்கரிங், பெயிண்டிங்கை முதலில் முடித்துவிட்டால் மற்ற வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். சரிதானா? – வாசகர், வெள்ளகோவில்.

பதில்: சரியில்லை. புது பெயிண்ட் அடித்த வண்டியில் பிறகு இன்ஜினை இறக்கினாலும், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினாலும் அந்தப் பெயிண்ட்தான் முதலில் பாழாகும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலே பெயிண்டை அரித்துவிடும் என்பது எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. பெயிண்ட் கடைசி வேலை. மூட்டை ஏற்றிய வண்டி நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும், சூடேறாமல் ஓட வேண்டும். இந்த மூன்றும் முடியும் வரை வேறு எதற்கும் பணம் ஒதுக்காதீர்கள்.

பிரேக்கில் லைனிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். லைனிங் தேய்வது கண்ணுக்குத் தெரியும். வீல் சிலிண்டருக்குள் ரப்பர் இறுகிக் கிடப்பதும், பிரேக் ஹோஸ் உட்புறமாக ஊதிப்போயிருப்பதும் தெரியாது. பின் டிரம்மைக் கழற்றியவுடன் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்தச் சிலிண்டர் கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஓட்டம் குறைவாக இருந்தாலும் 2 ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

இந்த வகைப் பிக்கப்புகளில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டீசல் இன்ஜினில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை. டைனமோவின் பின்புறம் பொருத்தியிருக்கும் சிறிய வேக்குவம் பம்புதான் அதை உண்டாக்குகிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, மிதி இறுகும் வரை பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்பினால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்பு, ஹோஸ், ஒருவழி வால்வு, பூஸ்டர் ஆகிய நான்கில் ஒன்று பழுது. இதைப் பார்க்காமல் “பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது” என்று லைனிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

அடுத்து ரேடியேட்டர். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடத்தில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டின் நீர்ப்பாதைகளிலும் படிந்து, சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. வண்டி சூடேறுகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வால்வு, தண்ணீர் சுமார் 80 டிகிரி செல்சியஸை எட்டும் வரை மூடியிருந்து இன்ஜினை விரைவாக வேலைச் சூட்டுக்குக் கொண்டு வருகிறது. அது இல்லாத இன்ஜின் குளிர்ந்த நிலையிலேயே நெடுந்தூரம் ஓடி, டீசலையும் கூடுதலாகக் குடித்து, பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரையும் தேய்த்துக்கொள்ளும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதிதாகப் போடுங்கள், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். மூடி சிறிய பொருள்தான், ஆனால் அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கதவு, பம்பர், கியர்பாக்ஸ் கூடு போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் உருப்படிகளையும் ஸ்டீயரிங் பால் ஜாயிண்டுகளையும் பழையதாக வாங்கவே கூடாது.

கேள்வி: என் பிக்கப் புகை தள்ளுகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. இன்ஜினை இறக்கிப் போர் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செலவுக்குத் தயங்குகிறேன். – வாசகர், பல்லடம்.

பதில்: தயங்குவது நல்லது. புகையின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதலில் வேண்டிய தகவல். கறும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதலாகப் பாய்கிறது. ஏர் ஃபில்டரும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் சந்தேகத்துக்குரியவை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அதுவும் காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இடைவிடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். வெண்புகை சூடான பிறகும் நிற்காமல் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதற்கு இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடுவது ஒரு பொதுவான காரணம். எங்கோ ஒரு வாஷர் வழியாகவோ விரிந்த ஹோஸ் வழியாகவோ காற்று உள்ளே புகுகிறது. டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். குமிழி ஓடினால் காற்று இழுக்கிறது. சில நூறு ரூபாயில் முடியக்கூடிய இந்த வேலைக்காக இன்ஜினைப் பிரித்துவிட்டு, புதுப் போரோடும் அதே தாமதத்தோடும் வண்டியை ஓட்டிச் சென்றவர்கள் உண்டு.

இதற்குப் பிறகும் சந்தேகமிருந்தால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான டீசல் இன்ஜினில் பொதுவாக அது 20 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வேறுபட்டாலோ இன்ஜினைத் திறப்பதில் நியாயம் உண்டு. உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் நாசில்களையும் பம்பையும் கழற்றி, சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் கடையில் கேலிபரேஷன் செய்யுங்கள். திருகாணியைத் திருப்பி “இழுவை கூட்டித்” தருபவரிடம் கொடுக்காதீர்கள். பி.எஸ். 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில், புகையின் அடர்த்தியைக் காட்டும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65 வரைதான் இடம். அவர் கூட்டித் தரும் இழுவை அந்தச் சீட்டில் வந்து நிற்கும்.

போர் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் கோவை லேத் பட்டறைகளின் கைத்திறனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஒவ்வொரு போரின் மேல், நடு, அடி அளவுகளையும் எழுதி வாங்குங்கள். அளவு சொல்லாமல் “தேய்ந்துவிட்டது” என்று மட்டும் சொல்பவரிடம் கிராங்கையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: திம்பம் மலைப்பாதையில் அடிக்கடி ஏறுகிறேன். டர்போ இல்லாத என் வண்டிக்கு டர்போ பொருத்தலாமா? அல்லது வேறு வண்டியின் பெரிய இன்ஜினை வைக்கலாமா? – வாசகர், சத்தியமங்கலம்.

பதில்: இரண்டும் வேண்டாம். டர்போ இல்லாமல் வடிவமைத்த இன்ஜினின் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் கணக்கிடப்பட்டவை அல்ல. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளையும் முழு மிதியில் ஏறும்போதுதான் அந்த உண்மை தெரியவரும், அதுவும் நடுக்காட்டில். வேறு வகை இன்ஜினைப் பொறுத்தவரை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதே வகை இன்ஜினை மாற்றினாலும் முன் அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 8 ஆண்டைக் கடந்த சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டு செல்ல வேண்டிய நிலையில், எண் ஒத்துப்போகாத இன்ஜினோடு நீங்கள் என்ன செய்வீர்கள்? விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் எதைப் பார்ப்பார்?

ஏற்றத்தில் திணறும் வண்டியில் கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்தபடியே இருக்கிறதா, கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருக்கிறதா, பாரம் ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பெரிய டயர் அழகாக இருக்கும், ஆனால் கியர் விகிதத்தை உயர்த்தி ஏற்றத்தில் இழுவையைக் குறைத்துவிடும். மலைப்பாதைக்கு நான் பரிந்துரைக்கும் மேம்பாடு ஏறுவதற்கல்ல, இறங்குவதற்கு: புது பிரேக் ஆயில், நல்ல லைனிங், ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கம்.

கேள்வி: ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. எல்.இ.டி. போடலாமா? – வாசகர், பெருந்துறை.

பதில்: முதலில் ரிலே போடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக பல்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு மின்சுவிட்ச் அது. பழைய வயரிங்கில் மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே சுற்றி வருவதால் பல்பைச் சேரும்போது வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பல்பின் முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 14, பல்பில் 12 என்று காட்டினால் குற்றம் பல்புடையதல்ல. எர்த் வயரின் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். ஹாலஜனுக்கு வார்த்த லைட்டுக்குள் எல்.இ.டி. மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.

கேள்வி: கோழி எரு ஏற்றி ஏற்றிப் பின் பாடியின் தளம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மேலே ஒரு தகடு அடித்துவிடலாமா? – வாசகர், நாமக்கல்.

பதில்: பழைய தளத்தின் மேல் புதுத் தகடு அடித்தால் இரண்டுக்கும் இடையில் எருவின் ஈரமும் உப்பும் தங்கி, அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களையும் தின்றுவிடும். லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் இருக்கிறீர்கள். பழைய தகட்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, சேஸியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒலி மந்தமாகக் கேட்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும். அங்கே வெல்டிங் தேவையா, சட்டத்தையே மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்துகொண்டு, எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே புதுத் தகட்டைப் போடுங்கள். தளத்தின் நான்கு மூலைகளிலும் தண்ணீர் வடியும் துளை விடச் சொல்ல மறக்க வேண்டாம். எரு இறக்கிய அன்றே கழுவிவிட்டால் அந்தத் துளைகளுக்கும் வேலை இருக்கும்.