நாண் வாங்கும் முன் வில்லின் நுனியைப் பாருங்கள்

கேள்வி: 66 அங்குல மர ரீகர்வ் வில் (நுனிகள் முன்புறம் வளைந்தது) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை என்று எழுதியிருக்கிறது. நாண் நைந்துவிட்டது. டேக்ரான் நாணைவிட ஃபாஸ்ட் ஃபிளைட் நாண் வேகமானது, அதையே போடுங்கள் என்கிறார் கடைக்காரர். விலையும் கூடுதல். எதை வாங்க, எத்தனை இழையில் வாங்க?

பதில்: டேக்ரான். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாண் அவ்வளவாக நீளாது, அதனால் அம்பு கொஞ்சம் வேகமாகவே போகும். ஆனால் அம்பு விடுபடும்போது வரும் அதிர்வை அந்த நாண் அதிகம் வாங்கிக்கொள்ளாது. பெரும்பாலும் வில்லின் இரு நுனிகளில் போய் விழும். நுனியைக் கெட்டிப்படுத்தாத பழைய வில்லில் நாண் மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கலாம், நுனியே பிளக்கலாம். அந்த வகை நாணைத் தாங்கும் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். தெரியாத வில்லுக்கு பாலியெஸ்டரான டேக்ரான்தான். வேகத்தில் இழப்பது சொற்பம். ஃபாஸ்ட் ஃபிளைட் போட்டு, போனால் வில்லே போகும்.

இழை கணக்கு: பி-50 என்ற டேக்ரான் நூலில் 40 பவுண்டுக்கு 12 இழை போதும். 28 அங்குலத்துக்கு மேல் இழுப்பவரானால் பவுண்டு ஏறும், அப்போது 14 கேளுங்கள். அறுந்துவிடுமோ என்று 18, 20 இழை கேட்பவர்கள் உண்டு. நாண் கனத்தால் அம்பின் வேகம்தான் குறையும்.

அறுவதைவிட நான் அதிகம் பயப்படுவது, அம்பின் நாக் (வால் நுனியிலுள்ள பிளவு) நாணில் உட்காரும் பொருத்தத்துக்குத்தான். இது இழையோடு, நடுவில் சுற்றியிருக்கும் சர்விங் நூலின் பருமனையும் பொறுத்தது. அம்பை மாட்டி, முனை கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். தானாக விழக்கூடாது, நாணை லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தளர்ந்த நாக் இழுக்கும்போது நழுவினால் வெறும் நாணை விட்டதாகிவிடும், வில்லுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. ஆகவே உங்கள் அம்பு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போங்கள்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 66 அங்குல ரீகர்வுக்கு நாண் ஏறத்தாழ 62 அங்குலம். சிலர் வில்லின் நீளத்தைச் சொல்லி விற்பார்கள், சிலர் நாணின் நீளத்தை. ஆன்லைனில் வாங்கினால் எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

புது டேக்ரான் முதலில் சற்று நீண்டு கொடுக்கும். சில டஜன் அம்பு விட்டபின் வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, குறைந்திருந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றுங்கள்.