இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர்: யார் யாருக்கு ஹெல்மெட்?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம். தினமும் காலையில் என் ஸ்கூட்டரில்தான் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் விடுகிறேன். மூன்று வயது மகள் முன்னால் நின்றுகொண்டு வருவாள், ஆறு வயது மகன் பின்னால். போன வாரம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, "பிள்ளைகளுக்கு ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டு, எச்சரித்து அனுப்பினார். சின்னவளுக்கும் ஹெல்மெட் வேண்டுமா? என்ன பார்த்து வாங்குவது? மாமனார் ஓட்டும் நம்பர் பிளேட் இல்லாத பேட்டரி வண்டிக்கும் இந்தச் சட்டம் உண்டா?

பதில்: காவலர் ஹெல்மெட்டோடு விட்டுவிட்டார். நானாக இருந்தால் முதலில் ஆட்களை எண்ணியிருப்பேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும். குழந்தை என்றால் கணக்கில் வராது என்று அதில் எங்கும் இல்லை. ஆக, நீங்கள் தினமும் போவது ட்ரிபிள்ஸ். பெரும்பாலான இடங்களில் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அது வேறு கதை. இருவரில் ஒருவரை வேனிலோ, உங்கள் கணவரோடோ அனுப்பப் பாருங்கள். ஃபுட்போர்டில் நிற்கும் குழந்தைக்கு, திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் போய் இடிப்பது ஹேண்டில்பார். முகமும் நெஞ்சும் அதற்கு நேர் எதிரேதான் இருக்கின்றன.

சரி, ஹெல்மெட்டுக்கு வருவோம். 129ஆவது பிரிவுப்படி நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் கட்டாயம். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. மகனுக்கு ஆறு வயது, அவனும் இதில் வந்துவிடுகிறான். மீறினால் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஆளுக்கு 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து இதுதான் நடைமுறை. மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சின்னவளுக்குத் தனி விதி. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகளுக்கென்று 2022இல் அறிவித்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். தரச் சான்று பெற்ற சைக்கிள் ஹெல்மெட்டாகவும் இருக்கலாம். கூடவே ஒரு பாதுகாப்புப் பட்டி. குழந்தைக்கு மாட்டிவிடும் மேல்சட்டை மாதிரி இருக்கும். அதிலிருந்து வரும் வார்களை நீங்கள் ஸ்கூல் பேக் மாட்டுவது போலத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் வீணாகக் கூடாது என்பதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. குழந்தை சீட்டில் உட்கார்ந்து உங்களோடு பிணைந்திருக்கும்; தூங்கி வழிந்தாலும் சாயாது. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

வாங்கும்போது பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் கம்பெனி பெயர் வரும். வரவில்லை என்றால் வாங்காதீர்கள், ஒட்டியது வெறும் ஸ்டிக்கர். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம், இருந்தாலும் சாலையோரத்தில் குவித்து வைத்து விற்கத்தான் செய்கிறார்கள்.

பையனையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். "வளர்ற பிள்ளை, பெரிசா எடுத்துக்கலாம்" என்பது பள்ளிக்கூட ஷூவுக்குச் சரி, இதற்கு ஆகாது. தலையில் மாட்டி, பக்கிளைப் போட்டு, பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னால் வந்தால் சின்ன சைஸ் கேளுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போனால் போதும். வாரைப் போடாமல் சும்மா கவிழ்த்துக்கொண்டு போவது சட்டப்படியும் ஹெல்மெட் போட்ட கணக்கில் வராது. 'பத்திரமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்' என்பது அதன் விளக்கத்திலேயே வருகிறது. ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப உப்பாது.

அப்புறம், வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும் சாரி கார்டைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் மாட்டுவது அங்கேதான்.

மாமனார் வண்டிக்கு: மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ், ஹெல்மெட் எதுவும் சட்டப்படி தேவையில்லை. ஆனால் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு விற்கும் கடைகளும் உண்டு. காலியான நேரான ரோட்டில் ஒருமுறை முழுசாக முறுக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான். மீட்டர் 35, 40 என்று ஏறினால் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். விற்ற கடையில் அந்த மாடலுக்கான ஒப்புதல் சான்றைக் கேளுங்கள். தர மறுத்தால், வண்டியை ரோட்டில் எடுக்காமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.