பாட்டில் வாயில் வழியும் கடைசிச் சொட்டு: கேள்வி பதில்

பாட்டில் மூடிகளை வார்க்கும் அச்சுகளைச் செய்யும் தொழிலில் அம்பத்தூரில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில், சொட்டாமல் ஊற்ற உதவும் சாதனத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

மயிலாப்பூர் வாசகி: நன்னாரி சர்பத்தை ஊற்றிவிட்டுப் பாட்டிலை நிமிர்த்தும்போது ஒரு சொட்டு வெளிப்புறமாக இறங்கி, அலமாரியில் வட்டமாகப் பிசுபிசுத்து, எறும்பு மொய்க்கிறது. வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

முடியும். பாட்டிலை நிமிர்த்தத் தொடங்கியதும் ஓட்டம் மெதுவாகிறது. வேகமாக ஓடும் திரவம் விளிம்பை விட்டு எகிறிப் போய்விடும். மெதுவாக ஓடுவதோ கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, உருண்டையான விளிம்பின் மேல் வளைந்து, வெளிப்பக்கக் கழுத்தில் இறங்கிவிடும். உடையாமல் இருப்பதற்காகத்தான் கண்ணாடிப் பாட்டிலின் வாயை உருட்டி வைக்கிறார்கள். அந்த உருட்டுதான் சொட்டுக்கு வழி விடுகிறது. எனவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: திரவம் கடைசியாகத் தொடும் விளிம்பைக் கத்தி முனைபோல் மெல்லியதாக்க வேண்டும். அத்தகைய விளிம்பைச் சுற்றித் திரும்ப முடியாமல் திரவம் அங்கேயே அறுபட்டு, மிச்சம் பாட்டிலுக்குள் திரும்பிவிடும்.

0.1 மி.மீ. கனமுள்ள பாலியெஸ்டர் தாளில் 70 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் வெட்டுங்கள். உங்கள் பாட்டிலின் உள்வாய் 18 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 57 மி.மீ.; வட்டத்தைச் சுருட்டிச் செருகும்போது நடுவில் ஒரு செ.மீ.க்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாள் தானே விரிந்து வாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கட்டும். ஏறிய மடிப்பு மேல்பக்கம் இருக்கும்படி திருப்பி, மடிப்பில்லாத பக்கமாக ஊற்றுங்கள். மடிப்பின் இடுக்கில் சர்பத் புகுந்தால் அதுவே தனியாகச் சொட்டும். வெட்டும்போது விளிம்பில் பிசிறு விழக்கூடாது. பிசிறு இருக்கும் இடத்தில் ஒரு துளி தங்கிக் கனப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றிப் பழக எந்தத் தாளும் போதும். குடிக்கும் பொருளுக்கு, ஐ.எஸ். 12252 என்ற இந்தியத் தரத்தில் உணவோடு படத் தகுந்த பெட் (PET) எனும் பாலியெஸ்டர் தாள்தானா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊற்றி முடித்ததும் தாளைக் கழற்றிக் கழுவி, காயவைத்துவிடுங்கள். பாட்டில் வாயில் எதைப் பொருத்தினாலும் அது கழன்று வர வேண்டும். கழுவ முடியாத இடுக்கில் தங்கும் சர்க்கரைப் பாகு புளித்துவிடும்.

தாம்பரம் இயற்பியல் ஆசிரியர்: திரவம் கண்ணாடியைப் 'பற்றிக்கொள்கிறது' என்று எழுதியது தவறு. இதற்குக் காரணம் காற்றழுத்தம் என்று கணித அறிஞர் கெல்லர் 1957-இலேயே காட்டிவிட்டாரே?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். மார்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் 1956-இல், திரவம் இப்படி விளிம்பைச் சுற்றி வழிவதற்குத் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு ஜோசஃப் கெல்லர், விளிம்பருகே வளைந்து ஓடும் திரவத்தில் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது என்று விளக்கினார். அது உண்மை. ஆனால் அந்த விளக்கத்தில் சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பதற்கு இடமே இல்லை. 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீர் ஒட்டாத பூச்சைத் தடவியதும் அதே ஓட்டம் சுவரை விட்டு விலகிப் போனது. காற்றழுத்தம் மட்டுமே காரணம் என்றால் பூச்சு எப்படி அதை மாற்றும்? 2021-இல் வியன்னா ஆய்வாளர்கள், விளிம்பின் அடிப்பக்கத்தில் எப்போதும் ஒரு சிறு துளி தங்கி அந்த இடத்தை நனைத்தே வைத்திருக்கிறது என்றும், ஓட்டம் மிக மெதுவானால் அத்துளி பெருத்து ஓட்டத்தையே தன் பக்கம் திருப்பிவிடுகிறது என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சாதனம் செய்கிறவர் கவனிக்க வேண்டியது அந்தத் துளியைத்தான்.

அண்ணா நகர் வாசகர்: அப்படியானால் வாயில் வெண்ணெய் தடவினால் போதுமே?

தண்ணீருக்கும் பாலுக்கும் நான்கைந்து முறை வேலை செய்யும். எண்ணெய்ப் பாட்டிலில் செய்யாது. எண்ணெய் வெண்ணெயின் மேல் தாராளமாகப் பரவும். மேலும், சிக்குவாடை வரும். கழுவுவதைப் பற்றி முன்பே சொன்னேன்.

பெரம்பூர் பொறியியல் மாணவர்: இதை 3டி பிரிண்டரில் அச்சிடலாமா?

வடிவத்தைச் சோதிக்க மட்டும் அச்சிடுங்கள். உங்கள் பிரிண்டரில் பிளாஸ்டிக் வெளிவரும் நாசிலின் துளை 0.4 மி.மீ. என்றால் அதைவிட மெல்லிய விளிம்பு ஒழுங்காக வராது; முனையை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்க வேண்டியிருக்கும். அச்சான அடுக்குகளுக்கு இடையில் பால் தங்கும். பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடுவதால் கொதிநீரில் கழுவவும் முடியாது. காற்று உள்ளே போகத் தனி வழி வையுங்கள். இல்லையென்றால் பாட்டில் 'குடுக் குடுக்' என்று விக்கி, ஒவ்வொரு விக்கலுக்கும் வெளியே தெறிக்கும்.

திருவொற்றியூர் வாசகர்: எந்தத் தாள் வாங்க வேண்டும்?

முதல் பதிலில் இருக்கிறது.

வேளச்சேரி வாசகி: 20 லிட்டர் தண்ணீர்க் கேனுக்கு என்ன தாள்?

தாள் வேண்டாம். கேனைச் சாய்க்காமல் பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவடி வாசகர்: தாளின் கனமும் தரமும் என்ன?

0.1 மி.மீ., ஐ.எஸ். 12252. தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கிண்டி வாசகர்: இதற்குக் காப்புரிமை வாங்கலாமா?

சுருட்டிச் செருகும் வட்டத் தாள் பல காலமாகக் கடைகளில் கிடைக்கிறது. வாய்க்குச் சற்றுக் கீழே 2 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் கொண்ட பள்ளம் வெட்டும் முறையை அமெரிக்காவில் டேனியல் பெர்ல்மன் 2017-இல் வெளியிட்டுவிட்டார். உங்களுடையது உண்மையிலேயே புதிது என்றால், விண்ணப்பிக்கும் முன் யாருக்கும் காட்டாதீர்கள். காப்புரிமை அலுவலகம் உங்கள் கிண்டியிலேயே இருக்கிறது.

தாம்பரம் ஆசிரியர், மீண்டும்: டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி ஆற்றிப் பார்த்தேன். உயரத் தூக்கி வேகமாக ஊற்றினால் வழியவில்லை. மெதுவாகச் சாய்த்தால் டம்ளரின் வெளிப்புறத்தில் வழிகிறது. அதே டம்ளர், அதே காபி.

அதே விளிம்புதான் இரண்டு முறையும். வேகம் மட்டுமே மாறியது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் உருட்டப்பட்டது. உருட்டாத, நன்றாகத் தேய்த்து மெல்லியதாக்கிய விளிம்புள்ள ஒரு குவளையில் அதே அளவு காபியை அதே மெதுவில் ஊற்றி, அடியில் தங்கும் துளியைப் பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் துளி எந்த வேகத்தில் பெருக்கத் தொடங்குகிறது என்று குறித்து எழுதினால், அதை வைத்து எண்ணெய்ப் பாட்டிலுக்கான விளிம்பை நாம் சேர்ந்தே வரைந்துவிடலாம்.