பிராசசரை மாற்றலாம், போர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2014-இல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்: பென்டியம் ஜி2030 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடுவதும் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவதும்தான் வேலை. ஆன் செய்தால் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. சர்வீஸ் செய்பவர், பழசைக் கொடுத்துவிட்டு ஐ7 பிராசசரும் புது போர்டும் சேர்த்து 9,500 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். பிராசசரை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: முடியும், உங்கள் போர்டிலேயே முடியும். அந்த 9,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த ஐ7? முழு எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். ஐ7 என்ற பெயர் 2008-இலிருந்தே இருக்கிறது. ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012. இப்படி நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 870 போல மூன்றே இலக்கம் என்றால் அது முதல் தலைமுறை, அந்தப் பக்கமே போக வேண்டாம். போர்டோடு சேர்த்து இந்த விலை என்றால் பெரும்பாலும் 2600 அல்லது 3770-ஆகத்தான் இருக்கும். சரி, அதற்கு அவர் தரும் 'புது' போர்டு எது? அனேகமாக மறுபடியும் எச்61! பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்செட்டை (போர்டின் முக்கியமான சிப், எச்61 என்பது அதன் பெயர்தான்) வைத்துத் தயாரித்து, கேள்விப்படாத பெயரில் பளபளப்பான பெட்டியில் வருவது. பத்து வருடத்துக்கு மேல் ஓடி நின்று காட்டிய உங்கள் போர்டை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டு, அதே வகை போர்டை உங்களுக்கே விற்கிறார்கள். இந்தக் கதை வாராவாரம் என்னிடம் வருகிறது. கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

உங்கள் போர்டில் பிராசசர் உட்காரும் இடம் 1155 சாக்கெட். அதில் ஐ5-3470 போடுங்கள். இப்போது இருப்பதில் இரண்டு கோர், அதாவது வேலை செய்யும் பகுதிகள் இரண்டு, இதில் நான்கு. பழையதாகத் தாராளமாகக் கிடைக்கிறது, போர்டோடு சேர்த்துச் சொன்ன விலையில் சிறு பங்குதான் ஆகும். ஐ7-3770-உம் பொருந்தும், ஆனால் பழைய மார்க்கெட்டில் ஐ7 என்ற பெயருக்கே தனி விலை. போட்டோவுக்கும் விண்ணப்பத்துக்கும் அது வேண்டாம்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு நல்ல நேரம். ஜி2030-உம் மூன்றாம் தலைமுறைக் குடும்பம்தான். அது ஓடுகிற போர்டில் ஐ5-3470-உம் ஓடும். இதே எச்61 போர்டில் ஜி630 அல்லது ஐ3-2120 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே வாங்கிவிடக் கூடாது. அவர்களுடையது இரண்டாம் தலைமுறை. அந்தப் போர்டின் பயாஸ் (ஆன் செய்தவுடன் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) 2011-இல் எழுதப்பட்டதாக இருந்தால் மூன்றாம் தலைமுறை பிராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். 'போர்டு போச்சு' என்று சொல்லி அங்கேயும் ஒரு போர்டை விற்றுவிடுவார்கள். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், யூபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். அப்டேட் கோப்பு கிடைப்பதும் லேசான காரியம் இல்லை. இன்டெல் தன் பெயரிலேயே ஏராளமாகப் போர்டு விற்றது. 2013-இல் அந்தத் தொழிலை விடுவதாக அறிவித்தது, 2019-இல் பழைய போர்டுகளின் பயாஸ் கோப்புகளைத் தன் தளத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. சில எம்பி அளவுள்ள கோப்பை வைத்திருக்க என்ன செலவாகிவிடும்? அது இல்லாததால் நல்ல போர்டுகள் எடைக்குப் போகின்றன. கோப்பு கிடைக்காதவர்கள் ஐ5-2400 போன்ற இரண்டாம் தலைமுறை பிராசசரை வாங்குங்கள், பயாஸைத் தொடவே வேண்டியதில்லை.

இப்போது உங்கள் ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். அது பிராசசரின் குற்றம் இல்லை. ஆன் செய்தவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தால் காரணம் ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி, 256 ஜிபியில் சாட்டா வகை ஒன்று போட்டு, விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். பழைய டிஸ்க் கோப்புகளுக்கு இருக்கட்டும். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். இரண்டையும் செய்துவிட்டு ஒரு வாரம் வேலை பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் பிராசசர் காசு மிச்சம். எந்தக் கடையிலும் இந்த வரிசையில் சொல்ல மாட்டார்கள்.

ரேம் வாங்கும்போது ஜாக்கிரதை. உங்கள் போர்டுக்கான ரேம் வகையான டிடிஆர்3-இல் மலிவாக 8 ஜிபி ஸ்டிக் கிடைக்கும். ஸ்டிக்கரில் 'ஏஎம்டி மட்டும்' என்று போட்டிருந்தால் அது உங்கள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. ஸ்டிக்கரைக் கிழித்து விற்பவர்களும் உண்டு. இன்டெல் போர்டில் போட்டுக் காட்டினால்தான் காசு. இன்னொன்று, 'ஐ7-க்குச் சமம், விலை பாதி' என்று சர்வர்களுக்கான இன்டெல் பிராசசர் ஜியான் இ3-1230 வி2-வைத் தருவார்கள். பிராசசர் நல்லதுதான், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரையில் எதுவும் வராது.

பழைய பிராசசருக்கு 'டெஸ்டிங் வாரண்டி' என்பார்கள். கடையை விட்டு இறங்கியதும் முடிந்துபோகும் வாரண்டி அது. ஏழு நாள் மாற்றித் தருவதாக பில்லிலோ, ஒரு துண்டுச் சீட்டிலோ பிராசசர் எண்ணோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, உளுந்து அளவுக்குப் புது பேஸ்ட் வைக்க வேண்டும். பயப்பட வேண்டியது சாக்கெட்டுக்குத்தான்: அதில் முடி போல 1,155 பின்கள். விரல் பட்டால் வளைந்துவிடும். பிராசசரின் ஓரத்தில் உள்ள இரண்டு வெட்டுகள் பொருந்துமாறு அப்படியே வையுங்கள், அழுத்தாதீர்கள். கூலரில் உள்ள தூசியை ஊதிவிட்டு மாட்டுங்கள். 55 வாட் பிராசசர் இருந்த இடத்தில் 77 வாட் உட்காருகிறது, சூடு கூடும், உங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 மட்டும் இதில் முறைப்படி வராது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல்லை, ஏழாம் தலைமுறையில் ஒரு சிலவற்றைத் தவிர, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும், அதாவது பாதுகாப்பு அப்டேட் தருவதும், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நன்றாக ஓடுகிற லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் பழசாக்கிய இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் உங்களிடம் வருவது வாடிக்கையாளரின் ஆதார், பாஸ்புக் நகல்கள். அதனால் பழைய கம்ப்யூட்டரில் இரண்டாயிரம், மூன்றாயிரத்துக்கு மேல் போடாதீர்கள். எஸ்எஸ்டி வீண் போகாது, நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினால் அதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கழற்றிய ஜி2030-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். என்றாவது திரை கறுத்து நின்றால், அதைப் போட்டுப் பார்த்துத்தான் போர்டு போயிற்றா பிராசசர் போயிற்றா என்று உங்களுக்கே தெரியும்.