மரமில்லாத மலைகளில் நடப்பது: வேலூர் பக்கத்துப் பாதைகள் பற்றிக் கேள்வி பதில்

வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறை மலைகளில் இருபது வருடமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கிற மாதிரி நம்ம பக்கம் ஏதாவது இடம் இருக்கிறதா?

மணல்மேடு வேண்டும் என்றால் இல்லை, தம்பி. ஆனால் நம் முன்னோர் பாலை என்று சொன்னது மணல்வெளியை அல்ல. மழை பொய்த்துக் காய்ந்துபோன குறிஞ்சியும் முல்லையும்தான் பாலை. அப்படிப் பார்த்தால் மாசி கடைசியில் நம் மலைகள் எல்லாமே பாலைதான். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டே. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மலை மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கருங்கல், சப்பாத்திக்கள்ளி, காரை முள், சீமைக்கருவேலம். நிழல் என்று ஒன்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சத்துவாச்சாரி, 54 வயது அம்மா: முட்டி கொஞ்சம் வலிக்கும். எங்கே தொடங்கலாம்?

ரத்தினகிரியில் தொடங்குங்கள் அம்மா. சின்ன மலை, படி இருக்கிறது, முடியாவிட்டால் வண்டியில் போகவும் வழி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஒரு மாதம் ஏறிப் பாருங்கள். ஏறும்போது வராத வலி இறங்கும்போதுதான் வரும். அதனால் இறங்கும்போது படியில் நேராகக் காலை வைக்காமல் கொஞ்சம் சாய்வாக வையுங்கள். ஒரு கைத்தடியும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூச்சமே வேண்டாம்.

அது பழகிய பிறகு வள்ளிமலை. பொன்னை பக்கம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பாறையைக் குடைந்த முருகன் சன்னதி வரைக்கும் நல்ல படி. வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று சொல்கிற மலை. பலரும் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். அங்கே சமணர் குகையும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. கங்க மன்னன் இராச்சமல்லன் பெயர் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சிற்பங்களின் முகம் தெளிவாகத் தெரியும். அதைப் பார்க்கவாவது சீக்கிரம் கிளம்புங்கள்.

வாலாஜா, வங்கி ஊழியர்: சோளிங்கர் பெரிய மலையை ஒரு தடவை ஏறிவிட்டேன். அடுத்து என்ன?

1305 படி ஏறிவிட்டீர்கள் என்றால் மூச்சு பழகிவிட்டது என்று அர்த்தம். இப்போது ரோப் கார் வந்துவிட்டதால் படியில் கூட்டம் குறைந்திருக்கிறது, நடப்பவர்களுக்கு நல்லதுதான். அதே நாளில் ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலையின் 406 படியையும் சேர்த்து ஏறிப் பாருங்கள். குரங்கு அதிகம், கையில் பை எதுவும் தொங்கக் கூடாது.

அடுத்தது படி இல்லாத பாதை. ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்குப் போகும் காட்டுப்பாதை அதற்குச் சரியாக இருக்கும். வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் அதுவும் ஒன்று. வழிகாட்டி கூடவே வருவார். படியில் 1305 ஏறியவருக்கும் உருளும் சரளைக்கல்லில் நடக்கும்போது கால் தடுமாறும். அதைக் கற்றுக்கொள்ள இது நல்ல இடம்.

குடியாத்தம், நண்பர்கள் குழு: நாங்கள் ஆறு பேர், எல்லாருக்கும் 25 வயசுக்குள். தண்ணீர் எவ்வளவு எடுக்கணும்? ஆளுக்கு ஒரு பாட்டில் போதுமா?

போதாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் நானும் என் நண்பரும் ஊருக்குக் கிழக்கே இருக்கும் கோட்டை மலைக்குக் கிளம்பினோம். மராட்டியர் 1678-இல் வேலூர்க் கோட்டையைப் பிடித்த சமயத்துச் சுவர்கள் இருக்கும் மலைகள் அவை. டீ குடித்து, பேசி, ஏறத் தொடங்கும்போது மணி எட்டரை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பத்தரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம், தண்ணீர் தீர்ந்துவிட்டது. இறங்கும்போது பதினோரு மணி வெயில். மேலே இருந்து அடிக்கும் வெயிலைத் துண்டு போட்டு மறைத்துவிடலாம். பாறைக்குள் இறங்கின சூடு கீழே இருந்து அடுப்புமேடை மாதிரி வரும், அதற்கு மறைப்பே கிடையாது. பாதி வழியில் நண்பருக்கு வியர்வை நின்றுவிட்டது. உடம்பு மட்டும் கொதித்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு பாறை இடுக்கின் நிழலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி விசிறினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் தூக்கில் இருந்த கூழையும் தண்ணீரையும் கொடுத்தார். தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றினோம். தெளிந்த பிறகு கூழைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அந்தப் பெரியவர் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கணக்குதான். மணிக்கு அரை லிட்டர், அதற்கு மேல் ஒரு லிட்டர் கையிருப்பு. அரை நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் உப்பு இறங்கிவிடும். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டிலில் தனியாக வையுங்கள். கிளம்புவதற்கு முன் நீராகாரமோ மோரோ குடியுங்கள். ஆம்பூர் பிரியாணியை இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெளிச்சத்தில் ஏறுங்கள், ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் இறங்கத் தொடங்குங்கள். நம் பக்கத்து மலைகள் உயரம் குறைவுதான். ஆளை வீழ்த்துவது வெயில்.

இன்னொன்று. நீங்கள் குடியாத்தத்துக்காரர்கள். மோர்தானா பக்கக் காடு உங்களுக்குக் கிட்டே. அங்கே யானை உண்டு, சிறுத்தை உண்டு. அந்தப் பக்கம் நீங்களாகப் போக வேண்டாம்.

ஆரணி, ஆசிரியை: பர்வதமலை ஏறணும் என்று ரொம்ப நாள் ஆசை. பெண்கள் நான்கு பேர் போகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் முதல் மலையாக வேண்டாம். பழைய வட ஆற்காட்டில் பக்தர்கள் ஏறும் மலைகளிலேயே கடினமானது என்று நான் நினைப்பது இதைத்தான். தென்மாதிமங்கலம் பக்கமும் கடலாடி பக்கமும் வழி உண்டு. மேலே நெருங்கும்போது கடப்பாரைப் படி வரும். பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து இறக்கியிருப்பார்கள், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கணும். புடவையோ நீளமான துப்பட்டாவோ வேண்டாம், சுடிதாரும் ஷூவும் போதும். கயிறு மாதிரி தொங்குவது எதுவும் பையில் இருக்கக் கூடாது. பௌர்ணமி அன்று கூட்டம் அதிகம், கம்பியில் ஆள் நிற்கும்போது நெரிசல் ஆபத்து. முதல் தடவை சாதாரண நாளில் போங்கள். மழை தூறினால் கம்பியும் பாறையும் வழுக்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். மல்லிகார்ஜுனர் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருப்பார்.

ஆற்காடு, கடைக்காரர்: பாம்பு பயம் இருக்கு சார். என்ன மருந்து கையில் வைக்கணும்?

கையில் வைக்க ஒரு மருந்தும் இல்லை. நம் பாறை மலைகளில் அதிகம் கவனிக்க வேண்டியது சுருட்டை விரியன். சின்னது, கல் நிறத்திலேயே இருக்கும், கல்லுக்கு அடியில் படுத்திருக்கும். பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடித்த காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராகப் பெரிய மருத்துவமனைக்கு. மந்திரிக்க, வேர் அரைத்துக் கொடுக்க என்று ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள்.

பாம்பைவிட நான் பயப்படுவது மலைத்தேனீக்கு. செங்குத்துப் பாறையில் பெரிய அடை தொங்கினால் அந்தப் பக்கம் சத்தம் போடாதீர்கள். சென்ட் வேண்டாம், புகை வேண்டவே வேண்டாம். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கையை வீசி விரட்டாதீர்கள்.

ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலைப் பணியாளர்: எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஏறலாமா?

முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் அது உடம்பின் தண்ணீரை இன்னும் வேகமாகக் குறைக்கும். வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். சட்டைப் பையில் கடலைமிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை நடை வேண்டாம்.

அணைக்கட்டு, விவசாயி மகன்: அமிர்திக்குப் பின்னால் ஜவ்வாது மலைக்குள் நடந்து போகணும். அனுமதி கட்டாயமா?

பூங்காவும் அருவியும் பார்க்க டிக்கெட் போதும். அதைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம், தம்பி. இதைக் கெடுபிடி என்று நினைக்காதே. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். மலைக்கிராமத்து ஆள் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு நாள் கூலியைக் குறைக்காமல் கொடு. கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

காட்பாடி மாணவர் மறுபடியும்: பரீட்சை முடிந்து ஏப்ரலில் தொடங்கினால் ஆகாதா அண்ணா?

ஆகாது. புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம், காட்டுப்பாதைகளையும் மூடிவிடுவார்கள். கத்திரி வேறு நெருங்கிவிடும். பரீட்சைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குறைந்தால் ஒன்றும் ஆகாது. வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு வள்ளிமலை அடிவாரத்தில் இருப்பேன். மூன்று லிட்டர் தண்ணீரும் தலைக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு வா. ஒன்பதரைக்கெல்லாம் கீழே இறங்கிவிடலாம்.